பெரிய தாச்சி

"இங்கே எல்லாமே மாட்டுக் கொழுப்பில் பொரிக்கப்படுகின்றன" என்று கடைச் சுவரில் முழ நீள எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாசிக்க மாட்டாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று பக்கத்தில் கொம்போடு ஒரு மாட்டுத் தலை வேறு. கடையை வாங்கிய நாளில் தாட்சாயினி அந்தப் பலகையைக் கழற்றவில்லை. அதற்கு மேல் ஒரு முருகன் படத்தை மாட்டி மறைக்கவுமில்லை. முருகன் எதிர்ச் சுவரில், காசுப் பெட்டிக்கு மேலே தன் பாட்டுக்கு இருந்தார். மாடும் முருகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்ததில் யாருக்கும் ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை, இந்தப் பங்குனி வரைக்கும்.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில், டூங்காபி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வரும் கடை அது. ஃபிராங்க் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்து திறந்தது. முழங்கால் இனி நிற்க விடாது என்று அவர் கையை விரித்தபோது, முதியோர் இல்லத்தில் அடுத்தவர் படுக்கை விரித்துக் களைத்துப்போயிருந்த தாட்சாயினி அதை வாங்கினாள். செய்தி பரவியதும் எங்கள் சனம் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இனி அங்கே கொத்துரொட்டி தட்டும் சத்தம் கேட்கும், மட்டன் ரோல்ஸ் வரும், சனிக்கிழமைகளில் ஆட்டிறைச்சிப் புரியாணி வரும் என்று அவளுக்குத் தெரியாமலே அவளுடைய மெனுவை எழுதி முடித்துவிட்டார்கள்.

"ஏன், எனக்கு வேறை ஒண்டும் சமைக்கத் தெரியாதோ?" என்று கேட்டாள் தாட்சாயினி. "கொத்துக் கடை பக்கத்து ஊர் பெண்டில் ஹில்லிலை தடுக்கி விழுந்தா நிக்குது. இது மீனும் சிப்ஸும் விக்கிற கடை. மீனும் சிப்ஸும்தான் விப்பன்."

அப்படியே விற்றாள். மாவில் தோய்த்துப் பொரித்த கொட் மீனும் ஹடொக் மீனும். விரல் தடிப்பில் சிப்ஸ். காய்ந்த பட்டாணியை முதல் நாளே சோடா போட்டு ஊறவிட்டு, மறுநாள் கூழாகும் வரை அவித்து எடுக்கும் மஷி பீஸ். சவலோய் என்ற சிவப்புத் தோல் சொசேஜ். வினாகிரிப் போத்தலுக்குள் மிதக்கிற அவித்த முட்டை. வெண்ணெய் பூசிய பாணுக்கு நடுவே சிப்ஸை அடுக்கி அமத்திக் கொடுக்கும் சிப் பட்டி. மீன் பொரியும்போது மாவிலிருந்து உதிர்ந்து மிதக்கும் மொறுமொறுப்பான துகள்களுக்கு ஸ்கிராப்ஸ் என்று பெயர். அதற்குக் காசு வாங்குவதில்லை, கேட்டவர்களுக்குச் சும்மா அள்ளிக் கொடுப்பது அந்தக் கடைகளின் மரியாதை. பிறகு, கறி சோஸ். மஞ்சள் நிறத்தில், கொழகொழவென்று, இனிப்பாக இருக்கும் அதை எங்கள் ஆட்கள் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "தாட்சா, இதையும் கறி எண்டு விக்க உனக்கு மனம் வருதோ?" என்று கேட்பார்கள்.

"அது அவையின்ரை கறி. அவைக்குப் பிடிச்சிருக்கு. உங்களை ஆர் திண்ணச் சொன்னது?" என்பாள். இரண்டு கறிக்கும் வழக்குத் தீர்க்க அவளுக்கு நேரமில்லை.

மாட்டுக் கொழுப்பு விஷயத்திலும் அவள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. கடை கைக்கு வந்த முதல் நாள் நெற்றியில் திருநீற்றோடு ஃபிராங்க் விட்டுப்போன கொழுப்புப் பெட்டியைத் திறந்தாள். குளிருக்கு உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளை வெளேரென்று கட்டியாக இருந்தது. கை கூசியது. பெட்டியை மூடிவிட்டு, பொரிக்கும் சட்டியைக் கழுவி, சூரியகாந்தி எண்ணெயை ஊற்றினாள். இரண்டு கிழமை அப்படித்தான் ஓடியது. ஓடியது என்று சொல்லக் கூடாது, இழுத்தது. ஃபிராங்க் காலத்து வாடிக்கைக்காரர் ஒருவர் பின் ஒருவராக நின்றுபோனார்கள். டோரின் என்ற, இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்த கிழவி மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். ஒரு சிப்ஸை எடுத்துக் கடித்து, மிச்சத்தைத் தாளிலேயே வைத்துவிட்டு, "கண்ணம்மா, இது நல்ல உருளைக்கிழங்கு. ஆனால் சிப்ஸ் இல்லை" என்றாள்.

தாட்சாயினிக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே கதவைப் பூட்டிவிட்டு, ஒரு சின்னச் சட்டியில் அந்த வெள்ளைக் கட்டியை உருக்கி, ஒரு பிடி சிப்ஸ் பொரித்து, முருகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்று பார்த்தாள். கிழவி பொய் சொல்லவில்லை. மேலே கண்ணாடி போல மொறுமொறுப்பு, உள்ளே மாவாகக் கரைகிறது, எண்ணெய்ப் பிசுக்கு உதட்டில் ஒட்டவில்லை. ருசி என்றால் அப்படி ஒரு ருசி. அவளுக்குப் பொரிக்கத் தெரியும், பொரித்ததை மதிக்கவும் தெரியும். மறுநாள் முதல் பெரிய சட்டிக்குள் மாட்டுக் கொழுப்பு திரும்பிப் போனது.

சைவக்காரருக்காகப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியை வைத்தாள். அதில் சூரியகாந்தி எண்ணெய் மட்டும். வீட்டுக் குசினியில் சொல்வதுபோலவே இரண்டையும் தாச்சி என்றே சொன்னாள். பெரிய தாச்சி, சின்னத் தாச்சி. வருகிற தமிழாட்கள் ஒவ்வொருவரிடமும், "பெரிய தாச்சியிலை மாட்டுக் கொழுப்பு, சின்னத் தாச்சியிலை மரக்கறி எண்ணெய், எது வேணும்?" என்று பலகையைக் கையால் காட்டியே கேட்பாள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சைவம். மீன், முட்டை, இறைச்சி ஒன்றும் கிடையாது. கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பிள்ளைகள் காருக்குள் கத்தும். சிப்ஸ் உருளைக்கிழங்குதானே, உருளைக்கிழங்கு சைவம்தானே என்று பட்டுச் சேலையோடும் வேட்டியோடும் சனம் தாட்சாயினியின் கடைக்குள் நுழையும். முதலில் எல்லோரும் சின்னத் தாச்சிதான் கேட்டார்கள். ஆனால் சின்னத் தாச்சி சின்னது. ஒரு கூடை பொரிந்து வருவதற்குள் பெரிய தாச்சி நாலு கூடை பொரித்துத் தள்ளிவிடும். ஒருநாள் வரிசையில் நின்று கால் கடுத்த பாலகிருஷ்ணன் அங்கிள் கவுண்டரில் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, நான் ஒண்டும் கேக்கேல்லை. நீயும் ஒண்டும் சொல்லாதை. கெதியா வாறதிலை போடு."

"அங்கிள், கெதியா வாறது பெரிய தாச்சி. அது மாட்டுக்..."

"சொல்லாதை எண்டனான்!"

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையே இல்லை. ஆனாலும் அங்கிள், "போன கிழமை தந்ததிலையே போடு" என்றார். அந்தக் கதை காதும் காதும் வைத்த மாதிரிப் பரவியது. ஒரு மாதத்தில் சின்னத் தாச்சிக்கு ஒரேயொரு வாடிக்கைக்காரர்தான் மிஞ்சினார். வரதராஜன் என்று கும்பகோணத்துக்காரர், ஐ.டி. வேலை. கதிரையில் போனைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பார். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போவதைக் கண்டும் காணாமலும் இருப்பார். "நமக்குச் சின்னதே போதுங்க" என்பார். நல்ல மனுஷன்.

பெரிய தாச்சிக்காரரில் பெரியவர் ஜெயரட்ணம். தாட்சாயினியின் கணவன் சுகிர்தனுக்கு மூத்த அண்ணன், கணக்காளர், கோயில் வேலை என்றால் முன்னுக்கு நிற்பவர். அவர் கேட்கும் விதமே தனி. முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வழமையானது" என்பார். இரண்டு பொதி, ஒன்று காருக்குள், மற்றது வீட்டுக்கு. போகும்போது, "அந்தத் தூளிலையும் கொஞ்சம் போடன்" என்று ஸ்கிராப்ஸ் கேட்பார். மீன் பொரிந்த தாச்சியில் மிதந்த மாவுத் துகள் அது. அதையும் அவள் சொன்னாள். அவர் அப்போது வீதியில் போன பஸ்ஸை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி எல்லோருக்கும் தெரிந்த, ஒருவருக்கும் தெரியாத ஏற்பாடாக அது சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பங்குனித் திருவிழாவுக்குக் கோயிலில் கொடியேறுவதற்கு முந்தின கிழமை யாரோ ஒரு பொடியன் கடைப் பலகையைப் படம் பிடித்துக் கோயில் வாட்ஸப் குழுவில் போட்டான். "திருவிழா அன்னதானத்துக்கு வடை சுடுபவர் இந்தக் கடைக்காரர்தானே?" என்று ஒரு கேள்வி. கீழே முகம் சிவந்த பொம்மைகள் வரிசையாக.

கேள்வியில் பிழை இல்லை. அவள்தான் சுடுபவள். திருவிழாவின் ஏழாம் நாள் ஜெயரட்ணம் குடும்பத்தின் உபயம், அதாவது அன்றைய பூசையும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. சாப்பாட்டைக் கடையில் எடுப்பதில்லை, குடும்பத்துப் பெண்களின் கையால்தான் வடை சுட வேண்டும் என்பது அவர்கள் பெருமையாகப் பிடித்துவரும் வழக்கம். அந்தக் குடும்பத்தில் உளுந்து வடையை நானூறு பேருக்கு, ஒன்றுபோல் ஒன்று, எண்ணெய் குடியாமல் சுடத் தெரிந்தவள் தாட்சாயினி மட்டும்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலைத்தலத்தில் பெயரை வெட்டி 'டாஷ்' ஆக்கினார்கள். அன்னதான மண்டபத்துக் குசினியில்தான் முதன்முதலாக யாரோ, "தாட்சாயினி, இஞ்சை வா, வடையைப் பார்" என்று முழுப் பெயரைச் சொன்னார்கள். அந்த அடுப்படியை அவள் தன்னுடையது என்றே நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை கடை பூட்டு. தாச்சிகளைக் கழுவிக்கொண்டிருந்தவளைத் தேடி ஜெயரட்ணம் வந்தார். அன்றைக்குப் பலகையை நேராகவே பார்த்தார்.

"தாட்சா, உந்தப் பலகையைக் கழட்டு. எண்ணெயை மாத்து. நான் இந்த முறை கோயில் தலைவருக்கு நிக்கிறது உனக்குத் தெரியும். சனம் கதைக்குது."

"சனத்துக்கு இப்பதான் வாசிக்கத் தெரிஞ்சதோ அத்தான்?"

"பகிடி விடாதை. மாட்டுக் கொழுப்புத் தொட்ட கை. அந்தக் கையாலை கோயில் குசினியிலை வடை சுடலாமோ? நீயே சொல்லு."

தாட்சாயினி கையை உயர்த்தி ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். சவர்க்கார நுரை வழிந்தது. "இதே கைதான் அத்தான். கடை எடுத்த பிறகும் நாலு வருசமாச் சுட்டது."

"அது அப்ப. இப்ப படம் வந்திட்டுது. ஒண்டில் எண்ணெயை மாத்து, இல்லாட்டி சனிக்கிழமை குசினிப் பக்கம் வராதை. என்ரை மனுசி சுடுவாள்."

"எண்ணெயை மாத்த மாட்டன்."

"அப்ப வரமாட்டாய்."

"அதை நான் சொல்லேல்லையே" என்றாள் தாட்சாயினி. தாச்சியைத் தேய்க்கிற வேகத்தில் அவர் நின்ற இடம் வரைக்கும் தண்ணீர் தெறித்தது. ஜெயரட்ணம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

அன்று பின்னேரம் சுகிர்தன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அவன் ரயில் ஓட்டுபவன். சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கிற பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

"இஞ்சேர், ஒரு கிழமைக்குத்தானே. திருவிழா முடியுமட்டும் எண்ணெயை மாத்தினா என்ன குறைஞ்சு போகும்? பிறகு ஆரும் பாக்கப் போறேல்லை."

"ஒரு கிழமைக்கு மாத்தினா, இவ்வளவு நாளும் நான் களவு செய்தனான் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி. நான் ஒளிச்சனானோ? சுவரிலை மாடு கொம்போடை நிக்குது! வந்த ஒவ்வொருத்தருக்கும் வாயாலை சொன்னனான். சொல்லாதை எண்டு வாயைப் பொத்தினது ஆர்?"

"அண்ணையோடை பகைக்க ஏலுமோ?"

"நான் பகைக்கேல்லை. அவருக்குக் கதிரை வேணும், அதுக்கு நான் மிதிபலகை. கோயிலுக்கு மாட்டுக் கொழுப்பு ஆகாது எண்டு எனக்கும் தெரியும். அந்த எண்ணெய் வேறை, இந்த எண்ணெய் வேறை. கையைக் கழுவினா போகாத அழுக்கு எண்டால் அது கையிலை இல்லை."

சுகிர்தன் தலையைக் குனிந்து சோற்றைப் பார்த்தான். அவளுக்கு அவன் மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஆறாம் திருவிழா. கடைக்கு ஒரு தமிழரும் வரவில்லை. கார்கள் வேகத்தைக் குறைத்து, கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. பாலகிருஷ்ணன் அங்கிளின் வெள்ளைக் கொரொல்லா இரண்டு முறை சுற்றிப் போனதைத் தாட்சாயினி பார்த்தாள். மனுஷனுக்கு வாய் ஊறியிருக்கும். வரதராஜன் மட்டும் வந்து, சின்னத் தாச்சிக்குக் காத்திருந்து, வாங்கிக்கொண்டு போகும்போது, "நாளைக்குக் காய் வெட்ட நான் வர்றேன் மேடம். நீங்களும் வருவீங்கல்ல?" என்றார். அவள் தாச்சியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டோரின் வழக்கம்போலக் கொட் மீன், சிப்ஸ், மஷி பீஸ் என்று சொல்லிவிட்டு வெறும் கடையைச் சுற்றிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைப் பட்டுச் சேலைகள் எங்கே என்று கேட்டாள். தாட்சாயினி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதையைச் சொன்னாள். கிழவிக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கடைசியில், "அப்படியென்றால் இன்றைக்கு ஸ்கிராப்ஸ் முழுக்க எனக்கா?" என்று கேட்டாள். தாட்சாயினிக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கிழமையில் வந்த முதல் சிரிப்பு. கிழவிக்கு ஒரு பெரிய பை நிறைய அள்ளிப் போட்டாள். கிழவி கதவைத் தாண்டியதும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழவும் செய்தாள். வாய்க்கு வாய் கதைக்கிறவர்கள் அழ மாட்டார்கள் என்று யார் சொன்னது?

அழுது முடித்து முகத்தைக் கழுவியபோது அவள் முடிவு எடுத்துவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை தலை முழுகி, ஈரக் கூந்தலை முடிந்து, கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்து, கடைக் கதவில் 'இன்று விடுமுறை' அட்டையைத் தொங்கவிட்டு, சுகிர்தனை எழுப்பினாள். "வாறதெண்டா வாங்கோ. இல்லாட்டி நான் ரயிலிலை போறன்." அவன் வந்தான். காரை அவனே ஓட்டினான்.

அன்னதான மண்டபத்தின் பின்பக்கம் குசினி. வாசலுக்கு வெளியே செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே பாலகிருஷ்ணன் அங்கிள் பருப்புக் கிடாரத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். வரதராஜன் பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளி தவறாமல் கடைக்கு வரும் நிரூபாவும் வேறு ஏழெட்டுப் பெண்களும் அப்பளம், பாயாசம் என்று நின்றார்கள். நடு அடுப்பில் தாச்சி, அதன் முன்னால் ஜெயரட்ணத்தின் மனைவி ரஞ்சினி. அவளுடைய முதல் ஈடு வடை தட்டில் கிடந்தது. எண்ணெயைக் குடித்து, நடுவில் துவாரம் மூடி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டின் வரைபடமாக இருந்தது. ரஞ்சினியின் முகம் வியர்த்துக் கொட்டியது.

தாட்சாயினி இன்னும் வாசற்படியில் கால் வைக்கவில்லை. அதற்குள் ஜெயரட்ணம் பட்டு வேட்டியோடு வந்து உட்பக்கம் நின்று வழியை மறித்துவிட்டார்.

"நான் சொன்னது விளங்கேல்லையோ?"

"விளங்கினது அத்தான்."

"பிறகேன் வந்தனீ? சனத்துக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கவோ?"

"எங்கடை உபயம். நான் வராமல் ஆர் வாறது?"

"மாட்டுக் கொழுப்புத் தொட்ட கை இந்தக் குசினிக்குள்ளை வரேலாது. அவ்வளவுதான்." எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். கரண்டிச் சத்தங்கள் நின்றன.

தாட்சாயினி ஒரு மூச்சு எடுத்தாள். அவளுடைய குரல் கடையில் ஓர்டர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல், மண்டபத்தின் மறு அந்தம் வரைக்கும் போகும்.

"சரி அத்தான். நான் வரேல்லை. நீங்கள் சொல்லுறது ஞாயம்தான் எண்டே வைப்பம். ஆனா எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. தொட்ட கை ஆகாதெண்டா, திண்ட வாய் ஆகுமோ?"

ஜெயரட்ணம் முகத்தைக் கார்கள் நிற்கும் பக்கம் திருப்பினார்.

"நானும் திண்டனான், ஒளிக்கேல்லை. நான்தான் முதல் ஆள். அதாலை வெளியிலை நிக்கிறன். பெரிய தாச்சியிலை சாப்பிட்ட மற்ற ஆக்களும் வந்து எனக்குப் பக்கத்திலை நில்லுங்கோ. சாப்பிடாத ஆக்கள் உள்ளை நிண்டு சமையுங்கோ. முருகன் பாத்துக்கொண்டிருக்கிறார், ஆரும் பொய் சொல்லாதேங்கோ."

ஒருவரும் அசையவில்லை. பருப்பு மட்டும் தன் பாட்டுக்குக் கொதித்தது. தாட்சாயினி காலடியைப் பார்த்தாள். ஒருவரும் வராவிட்டால் இந்தச் செருப்புக் குவியலுக்கு நடுவில் தனியாக நின்று, பிறகு தனியாக வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கும் அவள் ஆயத்தமாகத்தான் வந்திருந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

டக்கென்று ஒரு சத்தம். ரஞ்சினி அடுப்பை அணைத்தாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கணவனின் தோளை ஒட்டி, படியைத் தாண்டி வந்து தாட்சாயினிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ரஞ்சினி! நீயோ?"

"நீங்கள் வெள்ளிக்கு வெள்ளி வாங்கிக்கொண்டு வந்து தந்ததுதானே" என்றாள் ரஞ்சினி, மிகவும் சாதாரணமாக. "நல்லா இருந்தது. சாப்பிட்டனான்."

குசினிக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு கட்டு உடைந்தது. பாலகிருஷ்ணன் அங்கிள் அகப்பையைக் கிடாரத்தின் மேல் குறுக்கே வைத்துவிட்டு, "நான் ஒண்டும் கேக்கேல்லைத்தான். ஆனா தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நிரூபா அப்பளத் தட்டோடு வந்தாள். பாயாசக்காரிகள் வந்தார்கள். தேங்காய் துருவியவர், வாழையிலை துடைத்தவர், நெற்றியில் சந்தனம் மூன்று விரல் தடிப்பில் பூசியிருந்தவர், எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் வந்தார்கள். சுகிர்தன் காரை நிறுத்திவிட்டு வந்தவன், ஒன்றும் கேட்காமல் நேரே வந்து மனைவிக்குப் பின்னால் நின்றான். அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பார்வையை எடுக்கவில்லை. கல்யாணம் செய்த நாளிலிருந்து தாட்சாயினி அவனில் இப்படி ஒரு பார்வையைக் கண்டதில்லை.

குசினிக்குள் மிஞ்சியது இரண்டு பேர். ஜெயரட்ணமும், கையில் பாதிப் பூசணிக்காயோடு வரதராஜனும்.

"நான் சின்னதுதாங்க" என்றார் வரதராஜன், குற்றம் செய்தவர் போல. "ஆனா எனக்கு வடை சுடத் தெரியாதுங்க. காய் வெட்டத்தான் தெரியும். அதுவும் சுமாராத்தான்."

உள்ளே மணி அடித்தது. மேளம் தொடங்கியது. வசந்த மண்டபப் பூசை நடக்கிறது. அது முடிந்து சுவாமி சுற்றி வந்ததும் நானூறு பேர் பசியோடு பந்தியில் இருப்பார்கள். அரைத்த உளுந்து மூன்று வாளியில் புளித்துக்கொண்டிருந்தது. ஜெயரட்ணம் வாளிகளைப் பார்த்தார். அணைந்த அடுப்பைப் பார்த்தார். தட்டில் கிடந்த வரைபடங்களைப் பார்த்தார். வெளியே வெயிலில் நின்ற தன் குடும்பத்தையும் பாதிக் கோயிலையும் பார்த்தார்.

"தாட்சா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நேரம் போகுது. சரி, விடு. வா, உள்ளை வா. எல்லாரும் வாங்கோ."

கும்பல் அசைந்தது. நிரூபா ஒரு கால் எடுத்து வைக்கப் போனாள். தாட்சாயினி கையை நீட்டித் தடுத்தாள்.

'விடு' என்று அவர் சொன்னது அவள் மனதுக்குச் சரியாகப் படவில்லை. எதை விடுவது? அவள் பிழை செய்த மாதிரியும் அவர் மன்னித்த மாதிரியும் ஆகி, அவள் தலையைக் குனிந்து உள்ளே போய் வடை சுட வேண்டும். அடுத்த வருஷம் அவருக்கு வேறு ஒரு படம் கிடைக்கும். அப்போதும் வாசலில் அவர் நிற்பார், வெளியே அவள் நிற்பாள். இது அவளுடைய அடுப்படி. வந்தால் வீட்டுக்காரி மாதிரி வர வேண்டும், இரங்கிக் கூப்பிட்டதால் வந்தவள் மாதிரி அல்ல.

"வாறம் அத்தான்" என்றாள். "நானூறு வடையும் நேரத்துக்கு வரும், அது என்ரை பொறுப்பு. ஆனா முதலிலை நீங்களும் இஞ்சாலை வாங்கோ."

"நானோ?"

"ஓம், நீங்கள்தான். வழமையானது, ரெண்டு பொதி, தூளும் போட்டு. வந்து எங்களோடை நில்லுங்கோ. பிறகு எல்லாருமாச் சேந்து உள்ளை போவம்."

மேளம் உச்சத்துக்கு ஏறியது. பூசணிக்காயைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வரதராஜன் நின்றார். ஜெயரட்ணம் மனைவியைப் பார்த்தார். ரஞ்சினி கொஞ்சம் நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். அவர் பட்டு வேட்டியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கிப் படிக்கு வெளியே வைத்தார். வைத்துவிட்டு, இது போதுமா என்பதுபோல நிமிர்ந்து பார்த்தார்.

அவருடைய மற்றக் காலும் வெளியே வரும் வரைக்கும் தாட்சாயினி அசையவில்லை.